பச்சைத் தண்ணி எங்க நிக்குது?

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் வ. புதுப்பட்டி குழு உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சு இது. பல குழுக்கள் கேட்டுக்கொண்டதால் அவர் பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தருகிறோம்.)



மைக்கைப் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. குழுவில் வரவு செலவு வாசிப்பேன், தீர்மானம் வாசிப்பேன், அதோட சரி. நம்ம ஊக்குநர்தான், "உங்க வீட்டுக் குழாய்க் கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு ஆகும்" என்று பிடித்துத் தள்ளிவிட்டார். தப்பாகப் பேசினால் நீங்கதான் பொறுத்துக்கணும்.

எங்க அம்மா காலத்தில் பொம்பளைகளுக்குக் குளியலறை என்றால் என்ன? கொல்லையில் நாலு தென்னந்தட்டி. அதுவும் இல்லாத வீட்டில் விடியும் முன்னே எழுந்து, இருட்டோட இருட்டாகக் குளிச்சிட்டு வந்திரணும். நாம அப்படி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குழுவில் கடன் வாங்கி, கதவு வைத்த குளியலறை கட்டினோம். மாடியில் தொட்டி வைத்தோம். திருகினால் தண்ணி வரும்படி செய்தோம். அந்தத் திருகில் தண்ணி நின்னுபோச்சுன்னா ஆம்பளைகளுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. பம்புசெட்டுக்குப் போயிருவாக. கஷ்டப்படுறது நாமும் நம்ம பொம்பளப் பிள்ளைகளும்தான். அதனாலதான் இதைச் சின்ன விஷயமாக நினைக்காமல் பேச வந்தேன்.

எங்க வீட்டில் நடந்தது

போன பொங்கலுக்குத் திருப்பூரில் இருந்து மகன், மருமகள், பேத்தி மூணு பேரும் வந்திருந்தார்கள். பேத்திக்கு 5 வயசு. அதற்கு முந்தின வருஷம்தான் மகன் குளியலறையில் கீசர் மாட்டி, சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து வருகிற மிக்சர் குழாய் வைத்துக் கொடுத்தான்.

போகிக்கு முந்தின நாள் வீட்டை வெள்ளையடிச்சு, மாடித் தொட்டியையும் கழுவினோம். மறுநாள் காலையில் பேத்தி குளிக்கப் போனாள். எப்போதும் போல இரண்டு திருகையும் திறந்திருக்கிறாள். சுடுதண்ணி மட்டும் வந்திருக்கிறது, பச்சைத் தண்ணி வரவில்லை. கையை நீட்டிய பிள்ளை "ஆத்தா"ன்னு கத்தின கத்து இன்னும் என் காதில் இருக்கு. சமையலறையில் இருந்து குடத்துத் தண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கை செவந்து போயிருந்தது. கொப்புளம் போடவில்லை. சாமி புண்ணியம்.

அன்றைக்கே பிளம்பர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். அவர் மிக்சரைத் திருகிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "சுவத்துக்குள்ள பைப் அடைச்சிருக்கு. டைல்ஸை உடைச்சுத்தான் பார்க்கணும். ஆறாயிரம், ஏழாயிரம் ஆகும்" என்றார். பொங்கல் கழியட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஒரு வாரம் பட்ட பாடு இருக்கே! குளியலறையில் பச்சைத் தண்ணி எதிலுமே இல்லை. வாளிக் குழாயில் இல்லை, கக்கூஸ் பிளஷ் தொட்டியில் இல்லை. சமையலறைக் குழாயில் பிடித்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். மருமகளுக்கு வேறு அந்த மூணு நாள். வீடு நிறைய விருந்தாளி. அது குடத்தோட நடந்ததைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை. சுவரை உடைத்தாலும் பரவாயில்லை என்று குழுவில் 7,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். தீர்மானமும் எழுதியாச்சு.

அப்போது எங்க குழுவில் மூத்தவர் ஒருவர் வாயைத் திறந்தார். அவரைப் பெரியம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் போனவர் இல்லை. வயலுக்குத் தண்ணி பாய்ச்சியே வயசானவர்.

"ஏ தாயி, சுடுதண்ணி வருதுங்கிறியே, அது எங்க இருந்து வருது?"

"கீசர்ல இருந்து, பெரியம்மா."

"கீசருக்கு எங்க இருந்து வருது?"

"மாடித் தொட்டியில இருந்து."

"அடுப்படிக் குழாய்க்கு?"

"அதுவும் அதே தொட்டிதான்."

"அப்ப தொட்டியில தண்ணி இருக்கு, கீழயும் இறங்குது. ஒரு வாய்க்கால்ல மட்டும்தான் நிக்குது. கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா நாம வயலையா வெட்டிப் பாப்போம்? மடையில இருந்து வாய்க்காலோட நடந்துல்ல பாப்போம்? எங்க நிக்குதுன்னு பாக்காம சுவத்தை எதுக்கு உடைக்கிற?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டது. பிளவக்கல் அணை திறந்து, கண்மாய்க்குத் தண்ணி வந்து, மடை வழியாக வயலுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம. வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வீட்டுக் குழாயும் ஒரு வாய்க்கால்தான். மூடி வைத்த வாய்க்கால், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியம்மா இன்னொன்றும் கேட்டார். "தண்ணி நிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குழாய்ப் பக்கம் யாரு கை வச்சா?" அப்போதுதான் எனக்குத் தொட்டி கழுவினது நினைவுக்கு வந்தது.

மாடியில் கண்டது

கூட்டம் முடிந்து நாலு பேர் எங்க வீட்டு மாடிக்குப் போனோம். தொட்டியில் இருந்து ஒரு பைப் வெளியே வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சமையலறைக்கும் கீசருக்கும் போகிறது. இன்னொன்று குளியலறைப் பச்சைத் தண்ணிக்கு. இரண்டிலும் ஒவ்வொரு கேட் வால்வு. தொட்டி கழுவும்போது அழுக்கு கீழே இறங்கக் கூடாது என்று இரண்டையும் மூடியிருக்கிறோம், கழுவி முடித்துத் திறந்திருக்கிறோம்.

குளியலறை வால்வின் சக்கரத்தைத் திருகிப் பார்த்தேன். சுத்தியது. சுத்திக்கிட்டே இருந்தது. நல்ல வால்வு என்றால் ஒரு கட்டத்தில் இறுகி நிற்கணும். இது நிற்கவே இல்லை. கேட் வால்வுக்குள்ளே ஒரு தகடு இருக்கிறது. சக்கரத்தைத் திருகினால் அது மேலே ஏறி வழிவிடும், கீழே இறங்கி அடைக்கும், நம்ம மடைப் பலகை மாதிரி. வருஷக்கணக்கில் தொடாமல் கிடந்தால் உப்பும் துருவும் ஏறி அது பிடித்துக்கொள்ளும். திடீரென்று திருகும்போது தண்டு மட்டும் கழன்று மேலே வரும். தகடு அடைத்தபடியே கீழே உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்க்கிறவருக்கு வால்வு திறந்த மாதிரிதான் தெரியும்.

சந்தேகம் தீர, வால்வுக்குக் கீழே இருந்த யூனியனைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அதே தொட்டிப் பைப்பில் இருந்து பிரிகிற சமையலறைக்குத் தண்ணி போகிறது. அப்படியென்றால் தண்ணி நிற்கிற இடம் இந்த ஒரு சாண் வால்வுதான். சுவருக்கும் டைல்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

வால்வை நாங்களே மாற்றவில்லை. அதைச் சொல்லிவிடணும். வத்திராயிருப்பில் வால்வு வாங்கி, வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டு, "இந்த வால்வை மட்டும் மாத்துங்க" என்றோம். தண்ணி எல்லாவற்றையும் அண்டாவிலும் வாளியிலும் பிடித்து வைத்தோம். ஒரு மணி நேர வேலை. வால்வும் கூலியும் சேர்ந்து 750 ரூபாய். முதலில் வந்தவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மாடிக்கு ஏறிப் பார்க்காமல் சொன்னார். நாமும் "மாடியில பாத்தீகளா?" என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

நோய் என்னவென்று தெரிந்து வைத்தியரிடம் போவதற்கும், தெரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 750-க்கும் 7,000-க்கும் உள்ள வித்தியாசம்.

நடந்து பார்க்கும் முறை

அதற்குப் பிறகு எங்க குழுவில் யார் வீட்டில் தண்ணி நின்றாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, பக்கத்து வீட்டில் தண்ணி வருதா? தெருக் குழாயில் இருந்து நேராக வருகிற வீடாக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்கணும். அங்கேயும் இல்லை என்றால் பழுது நம்ம வீட்டில் இல்லை. வார்டு உறுப்பினரிடமோ பேரூராட்சி அலுவலகத்திலோ சொல்லவேண்டிய விஷயம். ஒருத்தர் போய்ச் சொல்வதைவிடக் குழுவாகப் போய் எழுதிக் கொடுங்க.

இரண்டாவது கேள்வி, மாடித் தொட்டியில் தண்ணி இருக்கா? சிரிக்காதீங்க. பாதிப் பேர் வீட்டில் பதில் இங்கேயே கிடைத்துவிடும். மோட்டார் ஓடியிருக்காது. இல்லை, தொட்டிக்குத் தண்ணி விடுகிற மிதவை வால்வு மேலேயே மாட்டி நின்று, தொட்டி நிறைந்துவிட்டது என்று தண்ணியை அடைத்து வைத்திருக்கும். மிதவையைக் கையால் அமுக்கிவிட்டால் தண்ணி விழும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். எந்தெந்தக் குழாயில் வரவில்லை? வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்க.

எந்தக் குழாயிலும் வரவில்லை, தொட்டியில் தண்ணி இருக்கு என்றால், பழுது தொட்டியின் வாயில் இருக்கும். மூடி இல்லாத தொட்டியில் இலை விழும், பாலித்தீன் பை விழும், பல்லி விழும். அடியில் சேறு சேர்ந்து வாயை அடைக்கும்.

குளியலறையில் மட்டும் எதிலும் வரவில்லை, மற்ற இடத்தில் வருது என்றால், குளியலறைக்குப் போகிற பைப்பில்தான் பழுது. வால்வைப் பாருங்க. வால்வு நன்றாக இருந்தால் காற்று அடைத்திருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் வரவில்லை, பக்கத்துக் குழாயில் வருது என்றால், பழுது அந்தக் குழாய்க்குள்தான். பெரும்பாலும் சில்லறைச் செலவில் முடியும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரே குழாயில் நின்றால்

புதுக் குழாய்களின் வாயில் சின்ன ஜாலி ஒன்று இருக்கும். போர்த் தண்ணியில் உப்பு அதிகம். அது வெள்ளையாகப் படிந்து ஜாலியை அடைக்கும். மணலும் வந்து உட்காரும். துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் ஜாலி கழன்று வரும். எலுமிச்சம்பழச் சாற்றிலோ வினிகரிலோ ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய பல் பிரஷால் தேயுங்க. ஷவருக்கும் இதே வைத்தியம்தான். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை மட்டும் ஊற்றாதீங்க. குழாயின் பூச்சு போயிரும், கையும் வெந்துரும்.

பழைய திருகு குழாயில் உள்ளே ஒரு வாஷர் இருக்கும். அது கழன்று தண்ணி வருகிற ஓட்டையில் ஒட்டிக்கொண்டால், எவ்வளவு திருகினாலும் தண்ணி வராது. வாஷர் சில ரூபாய்தான். ஆனால் குழாயைக் கழற்றும் முன்னால் மாடி வால்வை மூடணும். மூடாமல் கழற்றிவிட்டு, குளியலறை முழுக்கத் தண்ணியாகி நின்றவள் நான்.

பிளஷ் தொட்டி நிறையவில்லை என்றால் அதற்குக் கீழே சுவரை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கும். ஆங்கிள் காக் என்பார்கள். கூட்டும்போதும் கழுவும்போதும் கைபட்டு மூடியிருக்கலாம். முதலில் அதைத் திறந்து பாருங்க.

காற்று அடைத்தால்

தொட்டி ஒரு தடவை முழுக்கக் காலியாகிப் பிறகு நிறைந்தால், சில வீட்டில் தண்ணி வராது. குழாயைத் திறந்தால் "புஸ் புஸ்" என்று சத்தம் மட்டும் வரும். வால்வு நன்றாக இருக்கும், தொட்டியும் நிறைந்திருக்கும். காரணம், பைப்புக்குள் காற்று மாட்டியிருக்கிறது. பைப் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காக மேலே ஏறி இறங்குகிற இடத்தில் காற்று தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய தண்ணித் தொட்டியில் இருந்து வரும் தண்ணிக்கு இந்தக் காற்றைத் தள்ள வலு உண்டு. நம்ம மாடித் தொட்டிக்கு இல்லை. தண்ணி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அது ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 கிலோ எடை அமுக்குகிற மாதிரி அமுக்கும். நம்ம தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவில் இரண்டு, மூணு மீட்டர்தான். அப்ப ஏறத்தாழ கால் கிலோ. அவ்வளவுதான் வலு.

இதற்குத் தொட்டியை முழுக்க நிரப்புங்க. ஷவரைத் திறக்காமல், ஆகத் தாழ்வாக இருக்கிற வாளிக் குழாயை முழுக்கத் திறந்து வையுங்க. கொஞ்ச நேரம் மூடி மூடித் திறங்க. பல தடவை இதிலேயே காற்று போய்விடும். போகவில்லை என்றால், மோட்டார் ஓடும்போது மோட்டார்த் தண்ணி வருகிற குழாயில் சுத்தமான டியூபை மாட்டி, மறுமுனையை வாளிக் குழாயின் வாயில் இறுக்கிக் கட்டுங்க. இரண்டு குழாயையும் திறந்தால் தண்ணி கீழே இருந்து மேலே போய்க் காற்றைத் தொட்டிக்குத் தள்ளிவிடும். மாடியில் ஒருத்தர் நின்று பார்த்தால் தொட்டிக்குள் குமிழி வருவது தெரியும்.

அடிக்கடி இப்படி ஆகிற வீடாக இருந்தால், தொட்டியில் இருந்து பைப் வெளியே வருகிற இடத்தில் ஒரு சின்னப் பைப்பை மேலே பார்த்து வைக்கச் சொல்லுங்க. அதன் வாய் தொட்டி உயரத்துக்கு மேலே திறந்திருக்கணும், கொசு போகாமல் வலை கட்டணும். காற்று அந்த வழியாகப் போய்விடும்.

சுடுதண்ணி மட்டும் வந்தால்

இதை எல்லாரும் கவனமாகக் கேட்கணும். முக்கியமாகப் பேரன், பேத்தி உள்ளவர்கள்.

மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணி நின்றால் கீசரில் கொதிக்கிற தண்ணி கலப்பில்லாமல் வரும். 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணி சில நொடியில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைத் தோல் மெல்லிசு, இன்னும் சீக்கிரம் வேகும். அதனால் முதலில் கீசர் சுவிட்சை அணைங்க, அப்புறம்தான் பழுது பார்க்கிற வேலை. கீசரில் சூட்டைக் குறைக்கிற திருகு இருந்தால் குறைத்தே வையுங்க.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பச்சைத் தண்ணிப் பைப் காலியாக இருக்கும்போது மிக்சரின் இரண்டு திருகும் திறந்து இருந்தால், சுடுதண்ணி மிக்சர் வழியாகவே பச்சைத் தண்ணிப் பைப்புக்குள் நுழையும். வாளிக் குழாயைத் திறந்தால் அதிலும் சுடுதண்ணி வரும். பேய், பிசாசு ஒன்றும் இல்லை. மிக்சரின் இரண்டு திருகையும் மூடுங்க, நின்றுவிடும்.

எப்போதும் பச்சைத் தண்ணியை முதலில் திறக்கணும், அப்புறம் சுடுதண்ணி. பிள்ளைகளுக்கு இதைப் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுங்க. எங்க வீட்டுக் குளியலறையில் இப்போது ஒரு குடம் பச்சைத் தண்ணி எப்போதும் இருக்கும். சூடு பட்டால் அந்த இடத்தில் 20 நிமிஷம் பச்சைத் தண்ணி ஊற்றிக்கொண்டே இருக்கணும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவக் கூடாது. கொப்புளம் போட்டாலோ, குழந்தையாக இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

தண்ணி வழியில் காணாமல் போனால்

சில வீட்டில் அடைப்பே இருக்காது. பைப் எங்கோ உடைந்து தண்ணி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். குழாயில் நூல் மாதிரிதான் வரும். இதைக் கண்டுபிடிக்க, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மோட்டாரும் போடாமல், தொட்டியில் தண்ணி நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்க. விடிந்ததும் பாருங்க. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒழுக்கு இருக்கு. மறுநாள் ராத்திரி குளியலறை வால்வை மட்டும் மூடிப் பாருங்க. அன்றைக்கு இறங்கவில்லை என்றால் ஒழுக்கு குளியலறைப் பைப்பில்தான். சுவரில் ஈரம், உப்புப் பூத்தல் இருந்தால் அந்த இடம்தான். அப்போது சுவரை உடைக்கலாம். உடைத்தாலும் ஒரு முழம்தான் உடைப்போம்.

செய்யக் கூடாதவை

தண்ணி வரவில்லை என்று தெருக் குழாயில் நேராக மோட்டார் மாட்டாதீங்க. நமக்கு வரும், அடுத்த நாலு வீட்டுக்கு வராது. பைப்பில் ஓட்டை இருந்தால் சாக்கடைத் தண்ணியையும் சேர்த்து இழுக்கும். நாம குடிக்கிறது அதைத்தான்.

ஈரக் கையோடு மோட்டார், கீசர் சுவிட்சைத் தொடாதீங்க. தனியாக ஏணி ஏறாதீங்க, கீழே ஒருத்தர் பிடிக்கணும். தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டு இறங்காதீங்க. பிள்ளை எட்டிப் பார்க்கும், கொசு முட்டை போடும்.

குழுவாகச் செய்யக் கூடியது

எங்க குழுவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ஸ்பேனர் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஃப்லான் டேப், நாலு வாஷர், பழைய பிரஷ், ஒரு டியூப். அவ்வளவுதான். வேண்டியவர் எடுத்துப்போய்த் திருப்பித் தரணும், நோட்டில் எழுதிவிடுவோம்.

ஒவ்வொரு வீட்டு மாடியிலும் வால்வுக்குப் பக்கத்தில் பெயிண்டால் எழுதியிருக்கிறோம். சமையல், குளியல், கீசர் என்று. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வால்வையும் மூடித் திறக்கிறோம். பிடித்துக்கொள்ளாமல் இருக்கும். வால்வு மாற்றவேண்டி வந்தால் கைப்பிடி வைத்த பால் வால்வாக வாங்குங்க. அதைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். பைப்போட ஒரே வரிசையில் கைப்பிடி இருந்தால் திறந்திருக்கு, குறுக்கே இருந்தால் மூடியிருக்கு. பார்த்தாலே தெரியும்.

"இதெல்லாம் ஆம்பளை வேலை" என்று என் வீட்டுக்காரரும் சொன்னார். நம்ம ஊக்குநர் ஒரு செய்தி சொன்னார், அதை நானும் சொல்கிறேன். கைப்பம்பு பழுதானால் பெரிய வண்டியும் ஆளும் வராமல் ஊர்க்காரர்களே சரிசெய்ய முடியணும் என்று 1983 முதல் 1988 வரை நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்துத்தான் இந்தியா மார்க் 3 கைப்பம்பைக் கொண்டுவந்தார்களாம். 1990களில் உத்தரப் பிரதேசம் பாந்தா மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கைப்பம்பு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஸ்பேனர் பிடிக்கக் கற்ற பிறகு, "எங்களுக்கு எழுதப் படிக்கவும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார்களாம். அவர்கள் கைப்பம்பையே கழற்றி மாட்டினார்கள். நாம ஒரு ஜாலியைக் கழற்ற ஏன் பயப்படணும்?

என் கணக்கு

கடைசியாக ஒன்று. எனக்கு 7,000 ரூபாய் கடன் தருவதாக எழுதிய தீர்மானம் எங்க தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அதன் மேல் கோடு போட்டு, "உறுப்பினருக்குத் தேவைப்படவில்லை" என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்தப் பணத்தை அந்த மாசமே இன்னொரு தங்கச்சி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்தோம். சுவரில் போகவேண்டிய பணம் படிப்பில் போனது.

பெரியம்மாவிடம், "உங்களாலதான் பெரியம்மா பணம் மிஞ்சிச்சு" என்றேன். "நான் என்ன செஞ்சேன்? தண்ணி எங்க நிக்குதுன்னு கேட்டேன், அம்புட்டுத்தான்" என்றார்.

நீங்களும் அதையே கேளுங்க. சுவரை உடைக்கும் முன்னே கேளுங்க, கடன் வாங்கும் முன்னே கேளுங்க.



குளியலறைச் சுவரில் ஒட்டி வைக்க

1. சுடுதண்ணி மட்டும் வந்தால் முதலில் கீசரை அணைக்கவும்.
2. பக்கத்து வீட்டில் தண்ணி வருகிறதா? மாடித் தொட்டியில் இருக்கிறதா?
3. எல்லாக் குழாயிலும் இல்லை: தொட்டியின் வாயைப் பார்க்கவும்.
4. குளியலறையில் மட்டும் இல்லை: மாடி வால்வைப் பார்க்கவும், பிறகு காற்று அடைப்பைப் பார்க்கவும்.
5. ஒரே குழாயில் இல்லை: ஜாலி, வாஷர், ஆங்கிள் காக் பார்க்கவும்.
6. கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்று கேட்கவும்.
7. சுவரை உடைப்பது கடைசி வேலை.